பார்க் சொல்லாத வார்த்தைகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, சாமியே அரைகுறைதான். நீங்கள் இதை நம்பவேண்டாம், நம்பாவிட்டால் எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

தொண்ணூறுகளின் கடைசியில் நசரத்பேட்டை தாண்டி ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது, பேசுகிறவராகவே மாறி "நான்" என்றுதான் சொல்லவேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

பிரஸ் மெஷினில் சிக்கிய செல்வம் என்கிற தொழிலாளி, ஆஸ்பத்திரி போகும் வழியில் வேனிலேயே இறந்துபோனான். பின்னால் அவனோடு உட்கார்ந்திருந்தது கொரிய சூப்பர்வைசர் பார்க் மட்டும்தான். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, செல்வமோ வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தானாம்.

காரியம் முடிந்து அவன் மனைவி வசந்தா கம்பெனிக்கு வந்தாள். பட்டப்பகல், ஆபீஸ் அறை, அவள், பார்க், நான் என்று மூன்று பேர்தான்.

"சாவறப்போ இன்னா சொன்னாரு? அத்த மட்டும் கேட்டு சொல்லுண்ணா."

கேட்டேன். பார்க் தலையைக் குனிந்துகொண்டு நீளமாகப் பேசினார், நானும் கூடவே சொல்லிக்கொண்டு போனேன்.

"வசந்தா, தண்ணி கேட்டேன், இவருக்குப் புரியல, கைய புடிச்சிகினாரு. வலி இல்ல, பயமா கீது. பெரியவள இட்டுகினு உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு. சின்னவள மட்டும்..."

பார்க் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, மன்னியுங்கள் என்று மட்டும்தானே சொன்னேன்? நீ என்ன இவ்வளவு நேரம் பேசுகிறாய்?" என்று கொரிய மொழியில் கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவையும் பார்க்கின் குரலில், கொரிய மொழியில் கேட்டுத்தான் சொன்னேன். செல்வத்துக்கு இரண்டு பெண்கள் என்பதே எனக்குத் தெரியாது. 'இருக்கு' என்பதை 'கீது' என்கிற மெட்ராஸ் பேச்சு அதுவரை என் வாயில் வந்ததே இல்லை.

வசந்தா அழவில்லை. "சின்னவள இன்னா பண்ண சொன்னாரு?" என்றாள். பார்க்கை மறுபடி பேசச் சொன்னேன், கெஞ்சினேன். மன்னிப்பைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

அதற்கப்புறமும் கம்பெனி கேட் பக்கம் வந்து நின்று அதையே கேட்பாள். நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். அந்த மழைக்காலத்தில் சின்னவள் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். துக்கத்துக்குப் போயிருந்தேன். வசந்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சொல்லிகினுதாண்ணா இருந்தாரு. நீ ஏன் நிறுத்தின?"