வாசல் தெரியாத பூனை

எங்கள் பூனைக்கு வாசல் என்றால் என்னவென்றே தெரியாது என்பதை நான் புரிந்துகொள்ள மூன்று கிழமைகள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டு நெத்தலிக் கருவாடு முழுவதையும் அது தின்று தீர்த்திருந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பூனை அது. ஒற்றை அறை வீடுகளாகப் பத்துக் காம்பராக்கள், ஒரே வரிசை, ஒரே தகரக் கூரை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டே தவிர, எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அதன் வழியாக நாங்கள் ஒருவர் வீட்டுச் சண்டையை மற்றவர் கேட்டோம். பூனை அதன் வழியாக ஊர்வலம் போனது. முதல் காம்பராவில் ரொட்டித் துண்டு, நான்காவதில் மீன் தலை, கடைசியில் எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலில் தூக்கம். தரையில் நடந்ததைவிட அது சுவரில் நடந்ததுதான் அதிகம்.

மண்சரிவு வரும், காலி செய்யுங்கள் என்று சொல்லி, ஒரு மைல் தள்ளி மேட்டில் தனித்தனி வீடுகள் கட்டித் தந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பக்கமும் எங்கள் சுவர், சுற்றிலும் எங்கள் மண், எங்களுக்கென்று ஒரு கேட்! நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் தோட்டத்தில் கங்காணி. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பவர். வீட்டுச் சாவியை வாங்கிய அன்றே அவர் பின்பக்கம் தன் கையாலேயே சமையலுக்கு ஒரு குசினி கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்த பிறகு பார்த்தால், சுவர் கூரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது.

"என்னங்க இது? மேல மூடலயா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது வருடம் லயத்தில் இருந்தவருக்குச் சுவர் என்றால் அவ்வளவுதான் உயரம்.

"மழ முடியட்டும், மேசன் பாஸ கூட்டியாந்து அடைச்சிரலாம்" என்று சமாளித்தார்.

குடிபோன அன்று செய்த தப்பு ஒன்று உண்டு. பூனையைப் பழைய கொழுந்துக் கூடையில் போட்டு, மேலே துணி கட்டி, நடு அறையில் வைத்துவிட்டேன். பால் காய்ச்சுவதற்கு முன் மாட்டை வீட்டுக்குள் கூட்டி வர வேண்டும் அல்லவா? பக்கத்து வளவில் மாடு வளர்க்கும் அக்கா தன் மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து அழைத்து வந்தார். மாட்டுக்கு டைல்ஸ் தரை புதிது. கால் வழுக்கியதும் 'அம்மா' என்று வீடே அதிரக் கத்தியது. கூடை உருண்டது. துணி அவிழ்ந்தது. எங்கள் பூனை தலையை வெளியே நீட்டிப் புது வீட்டை முதன்முதலாகப் பார்த்தபோது வீடு முழுக்க மாடு நின்றது. அந்த மாடும் நேரம் பார்த்து நடு அறையிலேயே கோமியம் விட்டது. "நல்ல சகுனம், நல்ல சகுனம்!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். பூனை கட்டிலடிக்குப் போனது. போனது போனதுதான்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத் தேடும் என்பார்கள். வெளியே விட்டால் இது நேரே பழைய லயத்துக்குத்தான் ஓடும். அங்கே சுவர் வெடித்து நின்றது, கூரைத் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். விடாமலே வைத்திருந்தால் கட்டிலடியிலேயே சோறு தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிடும். எட்டு வருடம் என் காலைச் சுற்றிய பூனையை என்னால் இரண்டு விதமாகவும் தொலைக்க முடியாது.

போனில் தேடிப் படித்தேன். கொஞ்ச நாள் உள்ளே வைத்திருக்க வேண்டுமாம். பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்து, கூடவே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமாம்.

"அந்தப் போன்ல எழுதினது பூனையா?" என்று கேட்டார் கணவர். "ஆளப் பழக்குறது எப்புடின்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கே பின்வாசலில் பெரட்டு ஆரம்பமானது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் நெத்தலியை ஆட்டினேன். பூனை வாசற்படிவரை வயிற்றால் தவழ்ந்து வந்து, ஒரு காலை வெளியே வைத்தது. பக்கத்து வளவில் மாடு கத்தியது. பூனை மாயம்.

"கால் பேரு" என்று சொல்லிவிட்டு அவர் காலண்டரில் எழுதினார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். வேலை குறைந்தால் அரைப் பேர்தான். கால் பேர் என்று ஒன்று கிடையவே கிடையாது. பூனைக்காக அவரே உண்டாக்கியது.

அடுத்த கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் சமையல் இல்லை என்று அர்த்தம். எங்கள் பூனையோ சமையல் முடிந்த கையோடு அடுப்பில் போய்ப் படுக்கும். புது வீட்டில் காஸ் அடுப்பு, பாவம் எங்கே படுக்கும்? பழைய லயத்துக்கு நடந்து போய், எங்கள் அடுப்புச் சாம்பலை ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளி வந்து பின்படியில் கொட்டினேன். பூனை மோந்து பார்த்தது. ஒரு சுற்று சுற்றியது. சாம்பலில் உட்கார்ந்தே விட்டது! நான் டீச்சர் என்பதை மறந்து முற்றத்தில் குதித்தேன்.

"அரப் பேரு!" என்று கத்தினார் கங்காணி.

அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை. தினமும் சாம்பல்வரை வரும், நடுங்கும், பரிதாபமாக என்னைப் பார்க்கும், நெத்தலியைத் தின்னும், மாடு கத்தினால் ஓடும். காலண்டரில் வரிசையாக அரைப் பேர். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அது நாள் முழுக்கக் கட்டிலடியில் அழுதுகொண்டு கிடக்கும் என்று நினைத்து, வகுப்பில் எனக்குப் பாடமே ஓடவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரமும் பழக்கிப் பார்த்தோம். பூனை சாம்பலில் இருந்தபோது, பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ வந்து எங்கள் கேட்டில் நின்றது. நான் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் பூனையைக் காணவில்லை. கட்டிலடியில் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் இல்லை. வேலியோரம் முழுக்கக் கூப்பிட்டும் சத்தமில்லை. கணவர் தேயிலைக்குள் இறங்கித் தேடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

லயத்தில் கூரை பாதி இல்லை. காம்பரா காம்பராவாகப் போய்க் கூப்பிட்டேன். எங்கள் அடுப்பில் நான் அள்ளிய தடம் அப்படியே இருந்தது. அந்தச் சுவர்களின் மேலே வானம்தான் தெரிந்தது, பூனை இல்லை. அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். வீடு கிடைத்த பூரிப்பில் குதித்த நான், இந்தச் சின்ன உயிரை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வாடிப்போய்த் திரும்பி வந்தபோது, மாட்டுக்கார அக்கா வேலியருகே பால் வாளியோடு நின்றார்.

"என்னா டீச்சர், மொகமெல்லாம் வீங்கியிருக்கு?"

"பூனையக் காணோம்க்கா. பழைய லயத்துப் பக்கம் போயிருச்சோன்னு தேடிட்டு வாறேன்."

"ஒங்க பூனையா? பால் கறக்குற நேரமாச்சே, இங்கதானே இருக்கும்!"

மாட்டுத் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வைக்கோல் மேல் எங்கள் பூனை சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. அதே மாடு அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. பூனையின் மீசையெல்லாம் பால் நுரை.

"எப்ப இருந்துக்கா?"

"ஒரு பத்து நாளா வருதே. ஒங்க குசினி சொவத்துக்கு மேல சந்து இருக்குல்ல, அதுல நொழைஞ்சு, தகரத்துல நடந்து, என் தொழுவத்துக் கூரையில குதிக்கும். நீங்கதான் இதுக்காகச் சந்து விட்டீங்கன்னு நெனச்சேன்."

பின்னால் வந்து நின்ற கங்காணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பூனை எங்கள் இருவரையும் பார்த்தது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்! பத்து நாளாகக் காலையில் எங்களிடம் நடுங்கி நெத்தலி வாங்கித் தின்றுவிட்டு, மாலையில் இங்கே வந்து பால் குடித்திருக்கிறது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். அழுத கண்ணீர் காய்வதற்குள் சிரித்த கண்ணீர் வந்துவிட்டது. அக்காவும் விஷயம் புரியாமலே என்னோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கங்காணி காலண்டரை எடுத்து, பத்து நாள் அரைப் பேரையும் ஒவ்வொன்றாக அடித்து முழுப் பேர் ஆக்கினார். பிறகு போனை எடுத்தார். திங்கட்கிழமை குசினிச் சுவரின் இடைவெளியை அடைக்க வரச் சொல்லியிருந்த மேசன் பாஸிடம், "இல்ல பாஸ், வேணாம். அது வாசல்" என்றார்.

அந்த ஒரு சாண் இன்னும் அப்படியே இருக்கிறது. சாரல் அடித்தால் அரிசி வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்கிறேன்.