ஜெனிட்டாவின் காலில் இருக்கும் எலும்பு

மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் ஜெரோம். தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன்களைச் சுமந்து மாடி ஏறுவான். ஊசி என்றால் மட்டும் உள்ளுக்குள் நடுக்கம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெனிட்டாவுக்குக் கணுக்கால் எலும்பில் கட்டி. புற்று இல்லை, ஆனால் எலும்பை அரித்திருந்தது. செங்கல்பட்டில் டாக்டர் விளக்கினார்.

"கட்டியச் சுரண்டி எடுத்தா குழி விழும். எலும்பு வச்சு நிரப்பணும். குழந்தைகிட்ட எடுக்கறது பத்தாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இடுப்புலருந்து கொஞ்சம் எடுத்துக்கலாம்."

"நான் தரேன் சார்" என்றான், மனைவி மேரி வாய் திறக்கும் முன்பே. இருவருக்குமே பரிசோதனை செய்துவைத்தார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவனே போன் போட்டுச் சொன்னான்.

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியைக் கையில் கொடுத்ததும் அதைக் கட்டிலில் போட்டான். பாத்ரூம் போவதாகச் சொல்லி வெளியே வந்தவன், மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மேரியின் போன் விடாமல் அடித்தது. திருக்கழுக்குன்றத்தில் அது ஓய்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தான்.

அதற்குள், கவலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்த மேரியையே எலும்பு எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

மயக்கம் தெளிந்தவள், "கொயந்த எப்டி கீது?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தாலாவது அவன் நிமிர்ந்து பார்த்திருப்பான்.

மாவுக்கட்டோடு வீடு வந்த ஜெனிட்டா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்கப்பா எலும்பு என் கால்ல கீது" என்றாள். மேரி மறுக்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீ போடப் போனாள். வந்தவர்கள் ஜெரோமின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். ஓட்டல் சமையல்காரர் ஆபிரகாம் ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பினார். அதையும் வாங்கிக் குடித்தான்.

கட்டுப் பிரித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் குழி தூர்ந்திருந்தது. "இது எங்கப்பா எலும்பு" என்று ஜெனிட்டா டாக்டரிடமே விரல் வைத்துக் காட்டினாள். டாக்டர் ஜெரோமைப் பார்த்தார். அவன் மகள் பக்கம் குனிந்தான்.

"என்து இல்லம்மா. உங்கம்மாவுது. நான் பயந்துகினு ஓடிட்டேன்."

குழந்தை மேரியின் பக்கம் திரும்பியது. "வலிச்சுதாம்மா?"

"இன்னும் வலிக்குது" என்றாள் மேரி. அதை அவன் எதிரில் அன்றுதான் சொன்னாள்.

வெளியே வந்ததும், "மத்தவங்களாண்டயும் சொல்லிடு" என்றாள்.

முதலில் ஆபிரகாமிடம் சொன்னான். எல்லாரிடமும் சொல்லி முடிப்பதற்குள் ஜெனிட்டா ஓட ஆரம்பித்துவிட்டாள்.