கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். பிள்ளைகள் தாமாகவே படித்துப் பழக வேண்டும் என்பதில் எங்கள் வாத்தியார் பிடிவாதக்காரர். என் அண்ணன் மணியத்திடம் ஒரு சரித்திர நாவலைக் கொடுத்தார். காகிதம் கிடைக்காத காலம். கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துப் புகையிலை சுருட்டியிருந்தார்கள். கடல் தாண்டி வந்த ராஜாவின் படை காட்டுக்குள் நுழைவதோடு கதை நின்றுவிட்டது.

"அந்தப் படை திரும்பி வந்துச்சா சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"நான் சொல்லிட்டா நீ படிக்க மாட்டே. முழுப் புத்தகம் கிடைச்சா நீயே படிச்சுக்க," என்றார் வாத்தியார்.

அண்ணனே கதைக்கு ஒரு முடிவு கட்டினான். எல்லோரும் ஜெயித்து, யானைமேல் திரும்பி வருகிறார்கள்.

கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்க வந்தார்கள். மற்றவர்கள் ரப்பர் காட்டில் ஒளிந்தார்கள். அண்ணன் தானாகவே லோரியில் ஏறினான்.

"அழாதம்மா. போன படை திரும்பி வரும்லா," என்றான்.

வரவில்லை.

போர் முடிந்து வெகுநாள் கழித்து, சிரம்பானில் அந்த நாவல் முழுசாகக் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் அந்தப் படை காட்டுக் காய்ச்சலில் ஒருவர் மிச்சமில்லாமல் அழிகிறது.

நானும் ஆசிரியையானேன். பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் கொடுக்குமுன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். யாராவது முடிவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்த பிள்ளை புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. வாத்தியார் சொன்னது சரிதான்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.