மூன்று ஆம்பியர் வீடு

ஸைதா நகரத்து மீன்சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில், ஐந்தாவது மாடியில் இருந்தது வதாத்தின் வீடு. தெருவிலிருந்து எழுபத்து நான்கு படிகள். தொலைபேசி நிலையத்தில் இருபத்தேழு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசினால் பலகை தாங்கும் என்பது அவளுக்கு அத்துபடி. அந்த அறிவு அறுபத்தாறாவது வயதில் வீட்டுக்குள்ளேயே தேவைப்பட்டது.

அரசு மின்சாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் தெருமுனையில் அபூ ரியாத் ஓட்டிய ஜெனரேட்டர்தான். அதில் வதாத்தின் பங்கு மூன்று ஆம்பியர். அதற்குமேல் இழுத்தால் தெருப் பெட்டியில் உள்ள சுவிட்ச் விழுந்துவிடும். அபூ ரியாத் வந்து பூட்டைத் திறந்து தூக்கிவிட்டால்தான் வீட்டுக்கு மறுபடி வெளிச்சம்.

அவள் கணவர் ஹலீம் பேருந்து ஓட்டியவர். நுரையீரல் கெட்டு, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று தினமும் நச்சரித்தார். டாக்டர் ஒரு நிபந்தனையோடு விட்டார். ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் மாறும்போது ஏற்படும் இரண்டு நொடி இடைவெளி பரவாயில்லை. அதைத் தாண்டி ஒரு தடவை நின்றாலும் திரும்ப ஆஸ்பத்திரிதான். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் கொடுத்தார். அது இருபது நிமிடம் வரும்.

இன்னும் இரண்டு ஆம்பியர் கேட்டுப் போனாள் வதாத்.

"எங்கிட்ட இருந்தா தரமாட்டேனா அக்கா? மெஷினு இப்பவே இருமுது. ஹலீம் அண்ணனுக்கு மேல இருமுது," என்றார் அபூ ரியாத்.

இயந்திரத்துக்கு மட்டும் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். மிச்சத்தில்தான் குடும்பம் நடத்தவேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்ப் பீப்பாய்க்குக் கறுப்புச் சாயம் அடித்தாள். பகல் இரண்டு மணிக்கு அதில் குளிக்கச் சுடுதண்ணீர் கிடைத்தது. உப்புத்தண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்து, காலை பத்திலிருந்து நாலு மணி வரை ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். கதவைத் திறக்காதவரை பாலும் தயிரும் கெடவில்லை. இஸ்திரிக்குப் பதிலாக, லேசான ஈரம் உள்ள துணியை நன்றாக உதறி, மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்தாள். கூடத்தில் ஒரே பல்பு. வெளிச்சம் கூடட்டும் என்று அதற்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினாள். எதையாவது செருகுமுன் "செருகறேன்!" என்று கத்தவேண்டும், அவள் "சரி!" என்ற பிறகே செருகவேண்டும். இது வீட்டுச் சட்டம்.

ஹலீம் 2022 மே பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். உதவிக்கு அவர் தங்கை நஜாத் வந்திருந்தாள்.

"மதினி, ரமலான் முடிஞ்சு எத்தனை நாளாச்சு? இங்க வெளிச்சத்துக்கும் நோன்பு வெச்சிருக்கீங்களே!"

"உங்க அண்ணன் மூச்சு விடறாரில்ல, அதான் எனக்குப் பெருநாள். அந்தக் கண்ணாடிகிட்ட உக்காந்து கொத்தமல்லி ஆய்ஞ்சு குடு."

மூன்று நாள் இயந்திரம் நிற்கவில்லை. ஹலீம் மஞ்சள் நிற அக்கிதினியாப் பழங்களை உரித்துத் தின்றார், கொட்டைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினார், சமையலில் குற்றம் சொன்னார். தேறிவிட்டார் என்பதற்கு வதாத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி இருக்கும். தெருவே ஒரே குரலில் "வந்திருச்சு!" என்றது. அரசு மின்சாரம். அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. நஜாத் துணி துவைக்கும் மெஷினைப் போட்டாள், வெந்நீர் ஹீட்டரைத் தட்டினாள். யாரும் கத்தவில்லை. ஒன்பது நாளாகச் சுருக்கத்தோடு கிடந்த ஹலீமின் வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள் வதாத். அரசு மின்சாரம் சொல்லிக்கொண்டு போகாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெப்பம் கைக்கு அத்தனை சுகமாக இருந்தது.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் மின்சாரம் உள்ளே வந்த வேகத்தில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், துணி மெஷின் மூன்றும் சேர்ந்து இழுத்தன. தெருவில் சுவிட்ச் விழுந்தது. ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றுபோய்க் கூவியது.

வதாத் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். நஜாத் எல்லாவற்றையும் பிடுங்கினாள். பால்கனியிலிருந்து கத்தியபோது, பெட்டி பூட்டியிருக்கிறது, அபூ ரியாத் ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார் என்று கீழிருந்து பதில் வந்தது. தொழுகை முடிய அரை மணியாவது ஆகும். சிலிண்டர் இருபது நிமிடம்.

வதாத்தை எப்போதும் அவள் மகன் பெயரைச் சேர்த்து உம்மு கரம் என்று கூப்பிடும் எதிர்வீட்டு ஸமீஹா, சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். அவளுக்கும் மூன்று ஆம்பியர்தான். விஷயம் கேட்டதும் உள்ளே ஓடினாள்.

"ஃப்ரிட்ஜை நிறுத்திட்டேன்! டிவியும் நிறுத்திட்டேன்! வயரைத் தூக்கிப் போடு உம்மு கரம், நிக்காத!"

நடைவழி முழுக்க வயர் கிடந்தது. இயந்திரம் மறுபடி ஓடியது. ஹலீம் கண்ணைத் திறந்து, கட்டில் விளிம்பில் பாதி இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார்.

"என் மூச்சை நிறுத்திட்டு என் சட்டைக்கு இஸ்திரி போட்டியா?"

"வாயை மூடிட்டு மூக்கால மூச்சு விடுங்க," என்றாள் வதாத். அழுதுகொண்டிருந்தாள்.

நஜாத் கிசுகிசுத்தாள். "டாக்டருக்குச் சொல்லவேணாம் மதினி. யாருக்குத் தெரியப்போகுது?"

வதாத் தொலைபேசியை எடுத்து அவளே சொன்னாள். எட்டு நிமிடம் நின்றது, தப்பு என்னுடையது, இஸ்திரிப் பெட்டி. நஜாத்தின் பெயரை எடுக்கவில்லை.

டாக்டர் ஆக்ஸிஜன் அளவைக் கேட்டார். தொண்ணூற்று மூன்று.

"இப்ப கரண்ட் எங்கேருந்தும்மா வருது?"

"எதிர்வீட்லேருந்து, டாக்டர்."

"அந்த வயரை அப்படியே விட்டு வைங்க. ரெண்டு வீடு இருந்தா எனக்குக் கவலை இல்லை. அவரு வீட்லேயே இருக்கட்டும்."

அபூ ரியாத் வந்து சுவிட்சைத் தூக்கிவிட்ட பிறகும் வயர் நடைவழியிலேயே தங்கிவிட்டது. வருவோர் போவோர் தாண்டிப் போனார்கள். அன்று சாயங்காலமே எதிர்க்கதவிலிருந்து குரல் வந்தது.

"உம்மு கரம்! தலைக்கு ட்ரையர் செருகறேன், உன் வீட்டு ஃப்ரிட்ஜை நிறுத்து! அதுவரைக்கும் அண்ணன் உன் லைனுக்கு மாறிக்கிடட்டும்!"

"கொஞ்சம் இரு ஸமீஹா!" என்றாள் வதாத். ஃப்ரிட்ஜை நிறுத்தினாள், இயந்திரத்தைத் தன் லைனுக்கு மாற்றினாள், ஹலீமின் மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள், அதன்பிறகே குரல் கொடுத்தாள்: "சரி!"