தவசுக்கு விட்ட உருண்டை

கல்யாணமாகி மூன்றாம் மாதம்தான் அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்த அட்டையைப் பார்த்தேன். அபின் தின்பவர் என்று சர்க்காரே முத்திரை குத்திக் கொடுத்த அட்டை! எழுபதுகளின் தொடக்கம் அது. பழக்கம் முற்றிய ஆட்களுக்கு டாக்டர் எழுதித் தரும் அளவில் ஆஸ்பத்திரியிலேயே அபின் கொடுப்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியுமா? "இதுக்கா என்னய இங்கன கட்டிக்குடுத்தாக?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற ஆள். இளவயதில் காதுவலிக்கென்று தொட்டது, விடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். காலையில் கடுங்காப்பியோடு மிளகளவு ஓர் உருண்டை, அவ்வளவுதான். பிறகு கடலுக்குப் போவார், வந்து எனக்கு மீன் கழுவித் தருவார். நான்தான் சும்மா இருக்கவில்லை.

விபூதிப் புதன் வந்தது. எங்கள் தெருவில் ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் நாற்பது நாளும் ஒருவர் பீடியை விடுவார், ஒருவர் கறியை விடுவார். "நீங்க அந்த உருண்டைய விடுங்க. மாதாவுக்கு நேந்துக்கிடுங்க" என்றேன். என் மேலுள்ள பிரியத்தில் சரியென்றார் மனுஷன். அபின் டப்பாவை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் ஓயாத கொட்டாவி. அதற்கடுத்த நாள் மூக்கும் கண்ணும் ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் புரண்டார். பீடை இறங்குகிறது என்று நான் தீர்த்தம் தெளித்தேன், பாவி! மூன்றாம் நாள் காலையில், "வள்ளத்துல ஆளு கொறையுது, போயாகணும்" என்று எழுந்து நின்றார். சங்குப்பைக் கயிற்றை இடுப்பில் முடிச்சுப்போட முடியவில்லை. விரல்கள் அப்படி ஆடின. இந்தக் கையோடு கடலடிக்குப் போனால் திரும்பி வருவாரா? அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கம்பவுண்டர் அண்ணாச்சி என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "ஏம்மா, கண்ணாடி போட்டவன்ட்ட தவசுக்குக் கண்ணாடியக் கழட்டச் சொல்லுவியா? இது அவனுக்கு மருந்து. கொறைக்கணும்னா டாக்டரு கொஞ்சங்கொஞ்சமாக் கொறைப்பாரு. ஒனக்கு எதுக்கு அந்த வேலை?"

டாக்டர் பார்த்து, பழைய அளவையே கொடுக்கச் சொன்னார். மத்தியானம் வீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்து, "மாதாவுக்கு நேந்தது பொய்யாப் போச்சேளா" என்று வருத்தப்பட்டார்.

"போகலை. ஒங்களுக்குப் பதிலா நான் விடுதேன்."

"எதை?"

"அந்த உருண்டையப் பத்திப் பேசுததை."

அவர் சிரித்த சிரிப்பு! "ஏளா, அப்பம் இனி ஒனக்குல்லா கைகாலு நடுங்கும்!"

நடுங்கத்தான் செய்தது. வாயைக் கட்டுவது லேசா? ஆனால் ஈஸ்டர் போன பிறகும் அந்த நேர்த்தியை நான் முடிக்கவில்லை. தினமும் காலையில் கடுங்காப்பியோடு என் கையாலேயே உருண்டையை எடுத்துக் கொடுப்பேன். அவர் இடுப்புக் கயிற்றைக் கட்டும்வரை வாசலில் நின்று பார்ப்பேன். ஒரே இழுப்பில் முடிச்சு இறுகிவிடும். அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போவேன்.