அத்தை வீட்டுப் பூப்போட்ட தரை

நம் வீட்டுத் தரைக்கு ஆசிட் வாங்கக் கூடாது என்று நான் சொன்னால் நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் டைல்ஸ் இடுக்கை நான் தேய்ப்பதைப் பார்த்து, அப்பாவுக்கு வேறு வேலை இல்லை என்கிறீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றிப் பத்து நிமிடத்தில் கழுவி விடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். காரணம் சொல்லாமல் அதட்டியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. என் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தெருமுனை வீடு அத்தையுடையது. அப்பாவின் சொந்த அக்கா. மாமா நெசவுக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவையாக வாங்கி, பட்டணத்துக் கடைகளுக்கு அனுப்புவார். அப்பாவிடம் சாயத்துக்கு வரும் நூல் முழுக்க மாமா கொடுப்பதுதான்.

தெருவில் முதன்முதலாகக் கலர் கல் பதித்தது அத்தை வீட்டுக் கூடத்தில். சிமெண்டில் வார்த்த சதுரக் கல். ஒவ்வொன்றிலும் அரக்கு நிறப் பூ, அதைச் சுற்றிப் பச்சைக் கொடி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய கோடாக வெள்ளை சிமெண்டு. புடவை வாங்க வருகிற பெரிய மனிதர்கள் அங்கேதான் உட்காருவார்கள். அந்தத் தரையை இரண்டு வருடம் சுத்தம் செய்தவள் என் அம்மா.

அதற்குச் சம்பளம் கிடையாது. கூலி வாங்கினால் வேலைக்காரி ஆகிவிடுவாளே. என் அக்கா பிறந்த அன்றே அத்தை வந்து குழந்தையைத் தூக்கி, இவள் என் பிள்ளைக்குத்தான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாளாம். அக்கா வயதுக்கு வந்த பிறகு, கட்டப்போகிற வீட்டுக்கு அவள் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதுவரை அக்கா செய்துவந்த கூடமாட வேலைக்கெல்லாம் அம்மா போக ஆரம்பித்தாள். சம்பந்தி வீடுதானே என்று.

அம்மா தரை கழுவுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார்கள். அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக ஒரு வாளியில் எடுத்துப் போவாள். தேங்காய் நாரால் கல்லைத் தேய்ப்பாள். பிறகு தென்னங்குச்சியின் நுனியில் கந்தல் துணியைச் சுற்றி, ஒவ்வொரு இடுக்காகக் குத்துக்காலிட்டு இழுத்துக்கொண்டே போவாள். நல்ல தண்ணீர் இரண்டு தரம். கடைசியில் காய்ந்த துணி. தண்ணீர் நின்றால் இடுக்கு கறுத்துப்போகும். இன்றைக்கு நான் செய்வதும் அதேதான், குச்சிக்குப் பதில் பிரஷ்.

எவ்வளவு செய்தாலும் அத்தையின் கண் இடுக்கில்தான் போகும். வந்திருப்பவர்கள் காதில் விழும்படி, “கல்ல யாரு வேணா கழுவலாம். இடுக்கப் பாத்தாத்தான் பொம்பளையோட கை தெரியும்” என்பாள். அம்மா சிரித்துக்கொள்வாள்.

அப்பா அந்தக் கூடத்துக்குள் போவதில்லை. சாயத் தண்ணீரில் நின்று நின்று அவர் பாதம் எத்தனை கழுவினாலும் நிறம் விடும். ஒரு பொங்கலன்று மறந்துபோய் இரண்டடி வைத்துவிட்டார். வாசலோரத்தில் மூன்று கல் இடுக்கில் ரோஸ் நிறம் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் தலையைக் கண்டாலே அத்தை, “அங்கயே நின்னு பேசு தம்பி. உன் காலு இன்னும் எங்க வூட்டுலயே இருக்குது” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும்தான்.

ஒரு திங்கட்கிழமை அத்தை அம்மாவைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு வெகுநேரம் பேசினாள். வெளியே வந்த அம்மா குச்சியை எடுத்தாள். வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், பதித்த அன்றைக்கு இருந்த மாதிரி இடுக்கு வெளுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அம்மா தேய்த்த தேய்ப்பில் துணி கிழிந்து விரல் நுனித் தோல் உரிந்தது. அந்த ரோஸ் கறை மட்டும் போகவில்லை. கல்லில் பூக்களும் மங்கலாகவே தெரிந்தன.

சாயப் பட்டறையில் நான் தினமும் ஒன்று பார்ப்பேன். பாத்திரத்தில் நூல் கொதித்துக்கொண்டிருக்கும்போது அப்பா கடைசியில் கொஞ்சம் ஆசிட் விடுவார். விட்ட சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். அதிலிருந்த நிறம் முழுக்க நூலுக்குள் போய்ப் பளபளவென்று நிற்கும். ஆசிட் விட்டால்தான் சாயம் பிடிக்கும், தண்ணீரும் சுத்தமாகும் என்பது எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தரைக்கு மட்டும் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூக்களுக்கு நிறம் பிடித்துக்கொள்ளும், இடுக்கு தெளிந்துவிடும்.

வியாழக்கிழமை மத்தியானம். அத்தை உள்ளே படுத்திருந்தாள். அம்மா பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனாள். பட்டறையிலிருந்து எடுத்து வந்து வாசலில் ஒளித்து வைத்திருந்த கண்ணாடி சீசாவை எடுத்து, ரோஸ் கறையில் தொடங்கிக் கூடத்தின் நடுவரைக்கும் ஊற்றிக்கொண்டே போனேன்.

தரை சோடா மாதிரி பொங்கியது. வெள்ளை நுரை கிளம்பியதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று நான் குதித்தேன். நெடி மூக்கில் ஏறியது, கால் விரல் எரிந்தது. நுரை அடங்கினபோது அரக்குப் பூக்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. இடுக்கில் இருந்த சிமெண்டு பொடியாகிப் பள்ளம் விழுந்திருந்தது. ரோஸ் கறை மட்டும் பள்ளத்துக்குள் அப்படியே இருந்தது.

குடத்தோடு வந்த அம்மா அந்தத் தண்ணீரை முதலில் என் காலில் ஊற்றினாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. நெடிக்கு எழுந்து வந்த அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று பார்த்தால், அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்கு ஆரணியிலேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வராங்களே. எங்க உக்கார வைப்பேன்?”

“அதான் திங்கக்கெழமையே சொல்லிட்டீங்களே அண்ணி” என்றாள் அம்மா. “தெரிஞ்சிதான் ரெண்டு நாளா தேச்சிக்கினு இருந்தேன்.”

பெண் வீட்டுக்காரர்கள் நாங்கள்தானே, இதே தெருவில்தானே இருக்கிறோம், அத்தை ஏன் ஆரணி என்கிறாள் என்று நான் குழம்பினேன். கேட்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அத்தை கூடம் முழுக்க ஜமக்காளம் விரித்தாள். ஆரணிக்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டுத் தரையைத் தொடவில்லை. மாமாவிடமிருந்து நூல் மட்டும் வழக்கம்போல் வந்தது. அவருக்கு வேண்டிய அரக்கு நிறம் அப்பா கையில்தான் வரும்.

சொந்தக்காரர்களிடம் அத்தை வேறு மாதிரி சொல்லிவிட்டாள். தம்பி பெண்ணை எடுக்கத்தான் இருந்தாளாம். நல்ல காரியம் பேசுகிற கூடத்தில் அந்தப் பையன் ஆசிட் ஊற்றினானாம், சகுனம் சரியில்லை என்று மனசு விட்டுப்போயிற்றாம். ஆரணியில் எப்போது பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. வளர்ந்த பிறகுதான் புரிந்தது. பழி ஆசிட்டின் மேல் இருக்கிறவரைக்கும் அக்காவை யாரும் வேண்டாமென்று சொன்னதாக ஆகாது, வேறு இடத்தில் பெண் கேட்டு வருவார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பையனால் அந்தப் பழியைத் தாங்க முடியும் என்றும் நினைத்திருப்பாள். அக்காவை வாலாஜாபாத்தில் கொடுத்தபோது அப்படித்தான் ஆயிற்று. தாங்கத்தான் தாங்கினேன்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா காலி வாளியையும் என்னையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

“சீசாவுல மிச்சம் ஏதாவது இருக்குதாப்பா?”

“இல்லம்மா. பூரா ஊத்திட்டேன்.”

அவள் திரும்பி அத்தை வீட்டை ஒரு தரம் பார்த்தாள். அப்பாவுடைய ஆசிட் வீணாகிவிட்டதே, என்ன பதில் சொல்வது என்று அம்மா கவலைப்படுகிறாள் என நான் நினைத்தேன். அதனால், பாதிக் கூடத்துக்குத்தான் அது போதுமாக இருந்தது என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.