ரங்கூன் கப்பலை நிறுத்திய கை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கீரமங்கலத்தில் அரிசி மில், சந்தைக்குப் பக்கத்தில் நாலு கடை, செம்பாறையை வெடிவைத்துப் பிளந்து எடுத்த இரண்டு கிணறு, மாடி வைத்த வீடு, எல்லாம் இந்த ஆள் நின்று கட்டியவை. "பாறையில எங்கடா தண்ணி?" என்று சிரித்தவர்கள் பிறகு என் கிணற்றில்தான் குடம் முக்கினார்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்பு, ஏழு வயதில், ரங்கூன் போகவிருந்த அய்யாவைக் கப்பல் ஏறவிடாமல் நிறுத்தியிருக்கிறேன்.

மழை பொய்த்த இரண்டாம் வருஷம் அது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆத்தாவின் தம்பி, என் மாமா, ரங்கூனுக்குக் கிளம்பினார். அய்யாவையும் கூப்பிட்டார். அய்யாவுக்குப் போகவும் ஆசை, எங்களை விட்டுப் போகவும் பயம்.

"அய்யனாரக் கேட்டுருவோம்" என்றாள் ஆத்தா.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது.

விவரம் தெரியாத பிள்ளை என்று என்னைப் பிடித்தார்கள். அங்கேதான் தப்புச் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து தன் மகனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் தகரக் குதிரை கொண்டுவந்திருந்தார். எனக்கு அதைவிடப் பெரிய குதிரை வேண்டும். அய்யா போயே ஆக வேண்டும்.

பூசாரி பூவரச இலைகளில் பூவை மடித்து வைத்துவிட்டுச் சூடம் எடுக்கத் திரும்பினார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். வெள்ளைப் பொட்டலத்தின் இலை நுனியை நகத்தால் கிள்ளிவிட்டேன். பிறகு அவர் இரண்டையும் குலுக்கி அய்யனார் காலடியில் போட்டார்.

"எடுப்பா, பயப்படாத."

நான் ஏன் பயப்படுகிறேன்? கிள்ளிய பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். பிரித்தார். சிவப்பு.

அவசரத்தில் நான்தான் மாற்றிக் கிள்ளினேனோ, அய்யனார்தான் பூவை மாற்றினாரோ, இன்றுவரை தெரியாது. மண்ணில் புரண்டு அழுதேன். மாமாவோ சிரித்தார். "என்ன மச்சான், இந்தப் பொடிப்பய ஒரு எலைய எடுத்துட்டான்னு பொழப்ப விடுவீங்களா?"

"எதுக்குன்னு எனக்கும் வெளங்கல மாப்ள. வேணாம்னு சொல்லிட்டாரு. நான் இருந்துக்கிறேன்" என்றார் அய்யா.

மாமா போனார். அந்த வருஷம் எங்களுக்குக் கூழும் அரை வயிறுதான். அய்யா கல் உடைக்கப் போனார். "வாங்க, பூக்காரரே" என்று ஊரே கேலி செய்தது. அவரோ வெள்ளிக்கிழமைதோறும் அதே அய்யனாருக்கு விளக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தார். எனக்கும் அய்யனாருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

அடுத்த வருஷம் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஆத்தாவே அடையாளம் தெரியாமல் "யாருங்க?" என்று கேட்டாள். மாமா! காட்டு வழியே நடந்து வந்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து கூடப் போன மூன்று பேர் வழியிலேயே செத்துப்போனார்கள்.

அன்றைக்கே சொன்னேனே என்று அய்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வெடித்துப் புண்ணாகியிருந்த அந்தக் கால்களில் ஊற்றினார். மாமா விம்மி விம்மி அழுதார். காலில் தண்ணீர் பட்டதற்கு இத்தனை பெரிய ஆள் எதற்காக அழுகிறார் என்று வேடிக்கை பார்த்தேன். ஆத்தா என் வலது கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விளையாடப் போகிற நேரத்தில் இது என்ன தொந்தரவு என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது பங்குனிப் பொங்கலுக்குக் கூடும்போது என் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அய்யனார் தடுத்தார், தாத்தா நம்பினார் என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் வாஸ்தவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பூ தானாக நடந்து வந்ததா? எடுத்தது என் கை. இனிமேல் சொல்கிறவர்கள் என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.